வாயில்லாத பை

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பொருளை வாங்குகிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கொண்டுபோகக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் ஏலத்தில் பூசணிக்காய் எடுத்தவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைக்கில் ஏறினால், கறிக்கு வழியில்லாமல்தான் கேட்டிருக்கிறார் என்று ஊர் முடிவு செய்துவிடும். அதனால் அவர் எழுந்து நிற்பார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். "இத நான் சபைக்கே திருப்பிக் குடுக்கேன்" என்பார். கைதட்டல் எழும். பூசணி மறுபடியும் மேசைக்கு வரும். சாயங்காலம்வரை பலருடைய தாராள மனதைச் சுமந்து காம்பு வாடி, கடைசியில் மணியடிக்கும் கோயில்குட்டியின் ஆட்டுக்குப் போய்ச் சேரும்.

அந்த மேசைக்குப் பின்னால் மைக் பிடித்து நிற்கும் வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் முழுசாக வெளியே வந்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று எனக்குத் தந்த சான்றிதழை அக்கா சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். அவளுடைய கல்யாணப் படத்துக்குக்கூட அந்தச் சுவர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பி.எட்.டும் முடித்தேன். அன்றுமுதல் மாத்திரை அட்டையைப் படிப்பது, ஆதாரில் பிழை திருத்துவது, கேஸ் சிலிண்டர் பதிவது, அறுப்பின் பண்டிகையில் ஏலம் போடுவது எல்லாமே படிப்பில் அடங்கியவை என்று வீடும் சபையும் சேர்ந்து நம்புகின்றன. எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்தது.

இந்த வருடம் ஏலமேசைக்கு வந்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அது தைக்கப்பட்ட கதை.

அக்காவின் கணவர் குவைத்தில் இருக்கிறார். அக்காவும் அவள் மகளும் எங்களோடு. மகள் இரண்டாம் வகுப்பு. பரீட்சை விடுமுறையில் அவள் கையிலிருந்த போனை அக்கா பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "கைக்கு வேற ஒரு சோலி வேணும். எலே, நீ பாடம் நடத்தப் படிச்சவன்தானே, இவளுக்கு ஏதாவது சொல்லிக் குடு" என்றாள்.

தையல் என்று நான் முடிவு செய்தேன். கைத்தொழில் குழந்தையின் கவனத்தைக் கூர்மையாக்கும் என்று பாடத்தில் படித்திருந்தேன். கருங்கல் சந்தைக்குப் போய் வட்டச் சட்டம், கலர் நூல்கள், காது பெரிதான ஊசிகள் எல்லாம் வாங்கி வந்தேன். பாடத்திட்டம் போட்டேன். முதல் நாள் தையலின் நோக்கங்களையும் பயன்களையும் விளக்கினேன். அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, ஊசி எப்ப வரும்?"

"அது மூணாவது பாடத்துல."

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அங்கே என் அப்பாவிடம், அதாவது அவளுடைய பாட்டாவிடம், ஒரு ஊசி இருந்தது.

அப்பா கருங்கலில் ஒரு மலைச்சரக்குக் கடையின் குடோனில் சாக்கு தைத்தவர். கொப்பரை, பாக்கு, புளி என்று என்ன வந்தாலும் மூட்டையின் வாயைத் தைத்து லாரிக்கு அனுப்புவது அவர் வேலை. முட்டுவலி வந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கோணூசியை விடவில்லை. கைவிரலைவிட நீளமான, நுனி வளைந்த அந்த ஊசி ஜன்னல் கம்பியில் எப்போதும் சொருகியிருக்கும். தையல் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், மூட்டைத் தையல். உலகத்தில் வேறு தையல் இருப்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார், மதிக்கவில்லை.

"பாட்டா, எனக்குத் தைக்கப் படிக்கணும்."

"தைக்கலாம் மக்ளே. மொத சரக்கு எங்க?"

"சரக்கா?"

"உள்ள சரக்கு இல்லாம தச்சா அது தையலா? சும்மா துணியப் போட்டுக் குத்துகது. மொத சரக்கப் போடு. பொறவு வாயத் தை."

அப்படியாக, ஒரு பழைய தலையணை உறையில் கால்வாசி புளியைப் போட்டு முதல் பாடம் தொடங்கியது. நான் வாங்கி வந்த நூலை அப்பா விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார், அது அறுந்தது. "இது காயத்துக்குத் தையல் போடுக நூலு" என்று ஒதுக்கிவிட்டுச் சணலை எடுத்தார். மூலையில் துணியைத் திரட்டி ஒரு குடுமி கட்டினார். மறு மூலையிலும் அப்படியே. அதற்குக் காது என்று பெயர். சுமக்கிறவனின் கைப்பிடி அதுதான். காது இல்லாத மூட்டையை அப்பா மூட்டையாகவே ஏற்பதில்லை. பிறகு இரண்டு காதுகளுக்கும் நடுவே கண்ணியில் கண்ணி கோத்து ஒரு தையல் ஓடும். அதன் இரண்டு தலைப்பும் வெளியே தொங்கும்.

"இஞ்ச பாரு. இந்தத் தலைப்ப இழுத்தா மொத்தமும் சர்ருன்னு அவுந்துரும். மத்தத இழுத்தா முறுகிரும், பொறவு அறுக்கத்தான் செய்யணும். சந்தையில நிக்கவன் சரியான தலைப்பப் பாத்து ஒரே இழுப்புல தொறப்பான்."

அவள் இழுத்தாள். சர்ர் என்று தையல் முழுவதும் கையோடு வந்தது, தரையெல்லாம் புளி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திட்டமிட்டிருந்த எந்தப் பாடத்திலும் சிரிப்புக்கு இடமில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா, பிள்ளைக்கு ரெண்டு பூவு போடச் சொல்லிக் குடுங்க. மத்த வீட்டுப் பிள்ளைய கைக்குட்டையில ரோசாப்பூ போடுது."

"பூவ எவன் லாரில ஏத்துவான்?" என்றார் அப்பா.

அந்த விடுமுறையில் வீட்டில் வாய் திறந்து கிடந்த எல்லாமே தைக்கப்பட்டன. என் காலுறைகள் ஜோடியாகச் சுருட்டி உள்ளே வைத்துத் தைக்கப்பட்டன. என் சட்டைப்பை பேனாவோடு சேர்த்துத் தைக்கப்பட்டது. ஒரு தனியார் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தபோது கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் என் நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்து கண்ணாடி போட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதுவரை தெரியும், யார் என்பது குரலை வைத்துத்தான். அந்தக் கண்ணாடியை அவர் எங்காவது விட்டுவிட்டு வருவார். டீக்கடையில், முடிவெட்டும் கடையில், ஒருமுறை இரணியல் பஸ்ஸில். ஒவ்வொரு தடவையும் அக்காவின் வாயிலிருந்து ஒரு பிரசங்கம் வரும். பேத்திக்கு அது பொறுக்கவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், அக்காவின் பழைய நீலச் சேலையில் ஒரு துண்டு வெட்டினாள். பாட்டா தூங்கும்போது கண்ணாடியை எடுத்துத் துண்டுக்குள் வைத்தாள். முதலில் சரக்கு அல்லவா. பிறகு சுற்றிலும் தைத்து, இரண்டு மூலையிலும் காது வைத்து, காலையில் அவர் பார்க்கட்டும் என்று முன்னறை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் முதலில் பார்த்தது அக்கா. எங்கள் பக்கத்தில் எதிலும் முதல் பலன் ஆலயத்துக்கு. வாழையின் முதல் குலை, கோழியின் முதல் முட்டை, வெளிநாட்டுக்குப் போனவனின் முதல் சம்பளத்தில் ஒரு பங்கு. மகள் கையால் உருவான முதல் முழு உருப்படியைக் கண்டதும் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விறைப்புக்கு உள்ளே அட்டை வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அதைச் சேனைக்கிழங்குக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் மேலே வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் படைத்தாள்.

அப்பா எழுந்து கண்ணாடியைத் தேடினார். "டீக்கடையில விட்டிருப்பிய" என்றேன். வழக்கமான பதில் என்பதால் அவரும் வழக்கம்போல ஒப்புக்கொண்டார்.

ஆராதனை முடிந்து, பீடத்தில் படைத்த பொருட்களின் ஏலம் மைதானத்தில் பந்தலுக்குக் கீழே தொடங்கியது. இந்த வருடம் மற்ற வருடங்களைப்போல இல்லை, சபைத் தேர்தல் வரப்போகிறது. இப்போதைய செயலர் கருங்கலில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவரை எதிர்த்து நிற்கப்போகிறவர் ரப்பர் வியாபாரி. இருவரும் முதல் வரிசையில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். தொடங்கியதிலிருந்து ஒருவர் தேங்காய் கேட்டால் மற்றவர் தேங்காயும் கயிறும் கேட்டுக்கொண்டிருந்தார். யூடியூப் நேரலையில் வளைகுடா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேனைக்கிழங்குக்குப் பிறகு அந்த நீல உருப்படி என் கைக்கு வந்தது. பார்த்ததுமே யாருடைய கைவேலை என்று தெரிந்தது. மைக்கை நெருங்கிப் பிடித்தேன்.

"அன்பார்ந்த சபையோரே, பச்சிளங் கரங்கள் முதன்முதலாக ஈன்ற உழைப்பின் கனி..."

"லேய், அது என்ன சாதனம்ணு சொல்லுல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அது எனக்கும் தெரியவில்லை. நாலு பக்கமும் மூடியிருந்தது. மேலே இரண்டு காதுகள்.

"முசலா?" என்றார் ஒருவர்.

"பூனக்குட்டி. காதப் பாரும்."

"பூனைக்கு வால் எங்கவோய்?"

அதற்குள் அக்கா மகள் மேடையேறி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அது பாட்டாக்க கண்ணாடி."

"கண்ணாடி எங்க?"

"உள்ள."

நான் தடவிப் பார்த்தேன். ஆமாம். இரண்டு வட்டங்களும் மடங்கிய காம்பும். பந்தலின் கடைசி வரிசையில் அப்பா, கையைக் கண்ணுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு, மேடை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

மைக்கை மூடிக்கொண்டு செயலரிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். மற்ற ஓரத்தில் ரப்பர் வியாபாரி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதை அவரும் பார்த்தார்.

"தம்பி, பீடத்துல வச்சது வச்சதுதான். இன்னைக்கு உனக்குத் திருப்பித் தந்தா நாளைக்கு சட்டம் மீறினேன்னு மைக் வச்சுப் பேசுவானுவ. அப்பாவ ஏலத்துல கேட்டு எடுக்கச் சொல்லு."

"உள்ள இருக்க கண்ணாடிய மட்டும்..."

"உள்ள இருக்கதும் படையல்தான்."

அக்காவுக்கும் அதே கருத்து. கர்த்தருக்குக் கொடுத்ததைப் பிடுங்குவது ஆகாது, பணம் கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. கைப்பையில் இருந்த பணத்தை அப்பாவின் கையில் திணித்துக் காதில் சொன்னாள். அப்பா எழுந்து நின்றார்.

"நூறு!"

"நூறு ரூபாய்," என்றேன் ஒலிபெருக்கியில். "நூறு ரூபாய்... நூறு..."

ஒலிபெருக்கியில் என் குரல் அடையாளம் தெரியாமல், யாரோ போட்டிக்கு வந்துவிட்டதாக அப்பா நினைத்தார். "நூத்தம்பது!"

"நூற்றைம்பது ரூபாய்..."

"எரநூறு!"

"இருநூறு..."

"எவம்ல அது? எரநூத்தம்பது!"

அக்கா அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். "அப்பா, அது உங்க மகன். நீங்க சொன்னதத்தான் திருப்பிச் சொல்லுகான்."

ஆனால் காரியம் கெட்டுவிட்டது. சாக்கு தைத்துப் பிழைத்த ஒரு வயசானவர், எதிரே ஆளே இல்லாமல் தன் விலையைத் தானே ஏற்றுகிறார். சற்று முன்னால் அவருடைய மகன் செயலரின் காதில் ஏதோ கிசுகிசுத்தான். இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று ரப்பர் வியாபாரி கண்டுபிடித்தார். செயலர் ஆள் வைத்துக் கேட்கிறார்! அவர் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் விலைக்குமேல் இரண்டு மடங்கு சொன்னார். எதிராளி இவ்வளவு ஆசைப்படும் பொருளை விடலாமா என்று செயலரும் இறங்கினார். அக்கா தந்த பணத்தைத் தாண்டி விலை போய்விட்டது. அப்பா எழுந்து, "அண்ணாச்சிமாரே, எனக்கு அது வேணும்" என்றார். பந்தல் சிரித்தது. அதைத் தந்திரம் என்று எடுத்துக்கொண்டு இருவரும் இன்னும் ஏற்றினார்கள்.

முதல் சுற்றில் ரப்பர் வியாபாரி வென்றார். எழுந்து நின்றார். "இத நான் சபைக்கே திருப்பிக் குடுக்கேன்." கைதட்டல்.

மறுசுற்றில் செயலர். அவரும் எழுந்தார், அவரும் திருப்பினார். அதைவிடப் பெரிய கைதட்டல். சவூதியின் தம்மாமிலிருந்து ஒருவர் போனில் புகுந்து, அவரும் ஜெயித்து, அவரும் திருப்பினார். நாகர்கோவிலில் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தால் அந்தப் பணத்துக்கு எங்கள் தெரு முழுவதற்கும் கண்ணாடி போட்டிருக்கலாம்.

மேடைப் படியில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது.

"மாமா, யாருக்கும் வேண்டாமா?"

"வேணும்னுதானே எல்லாரும் கேக்காவ."

"பொறவு ஏன் வாங்கி வாங்கித் திருப்பிக் குடுக்காவ? நான் கோணலா தச்சதுனாலயா?"

குழந்தை கேட்கும் கேள்விக்கு அதன் வயதுக்கேற்ப விடையளிக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். இந்த விடைக்கு ஏற்ற வயது எது என்று யாரும் கற்பிக்கவில்லை. நான் மைக்கைப் பார்த்து, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றேன்.

கடைசியில் அது மறுபடியும் ரப்பர் வியாபாரிக்கே விழுந்தது. இதற்குமேல் ஏற்ற செயலருக்கும் மனம் வரவில்லை. ரப்பர் வியாபாரி மேடையேறினார். போதகரோடு படம் எடுக்க வேண்டும். நேரலைக் கேமரா நெருங்கியது. அவர் நீலப் பையை மார்புயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஒரு ஓரத்தில் சணல் தலைப்பு ஒன்று அசிங்கமாகத் தொங்குவதைக் கண்டார். சுத்தத்தில் அக்கறையுள்ள மனிதர். அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

சர்ர்.

மைக் பக்கத்திலிருந்ததால் மைதானம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. காதுகள் கழன்றன, துணி விரிந்து தொங்கியது. அவருடைய உள்ளங்கையில் ஒரு மூக்குக் கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

கடைசி வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் தெரியும்.

"ஆரு அது, அண்ணாச்சியா? கொள்ளாம்! சரியான தலைப்பப் பிடிச்சு இழுத்திருக்கீரு!"

சிரிப்பு பந்தலைத் தூக்கியது. ரப்பர் வியாபாரி கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னவோய்? யாருக்க கண்ணாடி இது?"

"எனக்கத்தான் அண்ணாச்சி."

செயலர் எழுந்து, ஏலம் விட்டது துணியை மட்டும்தான், உள்ளிருப்பது கணக்கில் வராது என்று தொடங்கினார். சற்று முன்னால் என்னிடம் சொன்னது அவருக்கு நினைவில்லை. அது கணக்கில் வருமா வராதா என்று இரண்டு தரப்பும் எழுந்து நின்றன. ரப்பர் வியாபாரிக்குக் குழப்பம். குழப்பம் வந்தால் மனிதன் பழகிய வார்த்தைக்குத்தான் போவான். துணியையும் கண்ணாடியையும் சேர்த்து உயர்த்திப் பிடித்தார்.

"அப்போ, இத நான் சபைக்கே திருப்பி..."

"வேண்டாம்!"

என் கையிலிருந்த மைக் தாழ்ந்திருந்தது. அதன் உயரத்துக்குச் சரியாக அவள் வாய் இருந்தது.

"சபைக்குக் கண்ணு நல்லா தெரியும். பாட்டாக்குத்தான் தெரியாது. பாட்டாட்ட குடுங்க."

ரப்பர் வியாபாரி போதகரைப் பார்த்தார். போதகர் அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். கேமரா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழி ஒன்றும் இல்லை. அவர் படியிறங்கி, பந்தலின் நடுவே முழு நீளமும் நடந்துபோய், கண்ணாடியை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி ரொம்ப மெலிஞ்சு போனீரே" என்றார். துணியையும் சணலையும் பேத்தி வாங்கி மடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து எங்கள் மைதானத்திலிருந்து ஏலப்பொருள் ஒன்று கேட்டவர் வீட்டுக்கே போனது அதுதான் முதல்முறை.

தேர்தலில் ரப்பர் வியாபாரி ஜெயித்தார். வயசானவருக்குப் பார்வை கொடுத்தவர் என்று அவருடைய ஆட்கள் அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினார்கள். தோற்றவர் இன்றும் என்னைக் கண்டால், நானும் என் அப்பாவும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து போட்ட திட்டம் அது என்கிறார். இவ்வளவு திட்டம் போடத் தெரிந்திருந்தால் எனக்கு இதற்குள் வேலை கிடைத்திருக்கும் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

அன்று சாயங்காலமே அவள் பையை மறுபடி தைக்க உட்கார்ந்தாள். நான் நல்லபடியாக ஒரு யோசனை சொன்னேன். ஒரு பக்கத்தை மட்டும் தைக்காமல் விட்டு, அழுத்துப் பட்டன் வைத்தால் கண்ணாடியை வைக்கவும் எடுக்கவும் வசதி. இருவரும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயத் தொறந்து போட்டா அது மூட்டையா?" என்றார் அப்பா.

"மாமாக்கு இன்னும் ஊசி வரல பாட்டா" என்றாள் அவள்.

இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. ராத்திரி படுக்கும் முன் பாட்டா கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பார், அவள் உள்ளே வைத்துத் தைத்துக் காது கட்டித் தருவாள். விடியற்காலையில் அப்பாதான் முதலில் எழுவார். பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தலைப்புகளையும் தடவிப் பார்ப்பார். எது அவிழ்க்கும் எது முறுக்கும் என்பது பார்த்தால் தெரியும். பார்ப்பதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி உள்ளே இருக்கிறது. இழுத்துத் தவறிவிட்டால் அறுக்க வேண்டிவரும், பேத்தி தைத்ததை அறுக்க அவருக்கு மனமில்லை. அதனால் பால் சேர்க்காத கட்டன்சாயா ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அறைப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவார்.

"மக்ளே, எந்தத் தலைப்பு?"

அவள் பாதித் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமலே நடந்து வருவாள்.